துரை நாற்காலிக்குச் செய்த பூஜை

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு அந்தக் காலத்தில் எரிச்சல் வரும். வாலிபத்தில் நான் சுயமரியாதைக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தவன். எதிரே எவன் திருநீறு பூசிக்கொண்டு வந்தாலும் வம்புக்கு இழுத்தவன். தைப்பூசத்துக்கு வீடே பத்துமலைக்குக் கிளம்பினால் நான் மட்டும் வேண்டுமென்றே கருவாட்டுக் குழம்பு கேட்டவன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள், எனக்கு ஒன்றும் நட்டமில்லை. கிள்ளானில் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்புகிறவர்கள் மட்டும் தயவுசெய்து முடிவு வரைக்கும் படித்துவிடுங்கள்.

கிள்ளான் அப்போது சின்ன ஊர். ரயிலடி, பாசார், ஆற்றங்கரைக் கிடங்குகள், நாலு தெரு, அவ்வளவுதான். அந்த ஊரில் மேட்டின்மேல் வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடுமாக ஒரு லைப்ரரி இருந்தது, நம் ஆட்கள் அதைப் புத்தக பங்களா என்பார்கள். ரப்பருக்கு நல்ல விலை இருந்த நாளில் ஒரு தோட்டத்துத் துரை நிலமும் கொடுத்து, பணமும் கொடுத்து, லண்டனிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகம் இறக்கிக் கட்டியது. 'இந்த ஊர் மக்களுக்காக' என்று வாசலில் பளிங்குக் கல்லில் இங்கிலீஷில் வெட்டியிருந்தது. நான் ரப்பர் கம்பெனியில் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுகிறவன், இங்கிலீஷ் நன்றாகப் படிப்பேன், நானும் இந்த ஊர் மக்களில் ஒருத்தன்தானே என்று ஒரு நாள் கோட்டு மாட்டிக்கொண்டு என் நொண்டிக் காலை இழுத்து இழுத்து மேடேறிப் போனேன். வாசற்படியிலேயே ஒரு வெள்ளைக்காரன் நிறுத்தி என்ன வேண்டும் என்றான். புத்தகம் வேண்டும் என்றேன். அவன் பக்கத்திலிருந்தவனைத் திரும்பிப் பார்த்தான், ரெண்டு பேரும் சிரித்தார்கள். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன், அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. 

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானம் உச்சி வெயில் ஏறியதும் வாசிப்பு அறையைப் பூட்டிவிடுவார்கள், வெயில் தாழ்ந்த பிறகுதான் திறப்பார்கள். வெள்ளைக்காரன் தின்றுவிட்டுத் தூங்கப் போகிறான் என்று நாங்கள் கேலி பேசுவோம். பூட்டுவதும் திறப்பதும் அங்கே வாசல் கூட்டுகிற ஒரு கிழட்டு ஊமையின் வேலை. அந்த ஆள் பெயர் யாருக்கும் தெரியாது, ஊமையன் என்றால் திரும்பிப் பார்ப்பார். பூட்டிய அறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து, கதவில் காதை வைத்தபடி இருப்பார். ஊமைக்குக் கொஞ்சம் மூளையும் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சிரித்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப்போனார்கள், எங்களுக்கு அதில் கொஞ்ச நாள் சந்தோஷம்கூட இருந்தது. அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை. சயாமில் ரயில் பாதை போடுகிறோம் என்று தோட்டம் தோட்டமாக, தெருத் தெருவாக நம் ஆட்களைப் பிடித்து லோரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். போனவன் திரும்பி வந்ததாகச் சேதி இல்லை. பாசாருக்குப் புளி வாங்கப் போனவன், படம் பார்க்கப் போனவன், கலியாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தவன், யாரையும் விட்டுவைக்கவில்லை. என்னைப் பிடிக்க மாட்டான், என் கால் அப்படி. பயமெல்லாம் என் தம்பி தங்கவேலுவைப் பற்றித்தான். அவன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் வேலை செய்தவன், நல்ல தேகக்கட்டு. ரயில் வேலை தெரிந்தவனைத்தான் சயாமுக்கு முதலில் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ராவோடு ராவாகத் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து கிள்ளானுக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அவன், அவனுக்கு நான்.

அந்தச் சமயத்தில்தான் புத்தக பங்களாவைக் காலி செய்து ஜப்பான் பாஷைப் பள்ளிக்கூடம் ஆக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னை மேற்பார்வைக்குப் போட்டார்கள். அட்டையைக் கிழித்துவிட்டுத் தாள்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி வைக்க வேண்டும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவிலிருந்து ஒரு வியாபாரி லோரி அனுப்புவார், பட்டணம் பூரா மிளகாயும் சீரகமும் அதில் மடித்துக் கொடுப்பார்கள். அந்த வேலைக்கு எடுத்த ஆட்களுக்குக் கையில் கட்ட ஒரு துணிப்பட்டை உண்டு. அது இருந்தால் சயாம் லோரிக்காரன் தொடமாட்டான். நான் கெஞ்சிக் கூத்தாடித் தம்பியின் கையில் அந்தப் பட்டையைக் கட்டவைத்தேன். அன்றைக்குத்தான் நிம்மதியாக மரவள்ளிக்கிழங்கு தின்றோம்.

ஆனால் அந்த இடத்துக்கு எங்களைப் பிடிக்கவில்லை. இதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை எனக்கு. நேராக நிற்கிற அலமாரி ஆள் பக்கத்தில் போனதும் சாயும். கண்ணாடிக் கதவு தானாக வெடித்து ஒருத்தன் உள்ளங்கையைக் கிழித்தது. தாள் ஓரம் பட்டாலே ரத்தம் வரும், எல்லார் விரலிலும் துணி சுற்றியிருந்தது. பழைய கட்டடம், கரையான், ஈரக் காற்று என்று நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னேன். மத்தியானம் நாங்கள் பின்கட்டில் சாப்பிடும்போது வாசிப்பு அறைப் பக்கமிருந்து முணுமுணு என்று பேச்சுச் சத்தம் கேட்கும். அதற்கும் காரணம் வைத்திருந்தேன், பக்கத்து பங்களாவில் ஜப்பான்காரன் ரேடியோ வைக்கிறான் என்று.

நம் ஆட்களுக்கு வேறு ஒரு சங்கடம். புத்தகத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. காலில் ஒரு தாள் பட்டால் உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சனம், அதனிடம் போய் அட்டையைப் பிய் என்றால்? தங்கவேலு எல்லாரையும் விட மோசம். கிழிப்பான், கும்பிடுவான், கிழிப்பான், கும்பிடுவான். "அடேய், அது எவளோ வெள்ளைக்காரி எழுதின காதல் கதைடா, அதைப் போயி கும்பிடறியே" என்று திட்டுவேன். "எழுத்து எழுத்துதான்ணே, யாரு எழுதினா என்ன" என்பான்.

சரஸ்வதி பூஜை வந்தது. பூஜை போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுநாளிலிருந்து கிழிக்கிறோம், இல்லாவிட்டால் மாட்டோம் என்று எல்லாருமாக நின்றார்கள். வேலை நின்றால் பட்டை போகும், பட்டை போனால் சயாம். "என்னமோ பண்ணித் தொலைங்க" என்றேன். 

புத்தகத்தைத் தரையில் வைக்கக்கூடாது அல்லவா? மேசைகளை எல்லாம் ஜப்பான்காரன் முன்பே தூக்கிக்கொண்டு போய்விட்டான். வாசிப்பு அறையில் சன்னலோரமாக ஒரு பெரிய நாற்காலி மட்டும் இருந்தது. ஆள் உயர முதுகு, கைப்பிடியில் சிங்கத் தலை, உட்காருகிற இடத்தில் பிரம்புப் பின்னல். அத்தனை நாளும் எங்களில் ஒருத்தன்கூட அதில் உட்கார்ந்ததில்லை. ஏன் என்று யாரும் பேசிக்கொண்டதும் இல்லை. தங்கவேலு அதன்மேல் துவைத்த வேட்டி ஒன்றை விரித்து, நல்ல தோல் அட்டைப் புத்தகமாகப் பார்த்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, செம்பருத்தி சாத்தி, கடலைக்குப் பதில் அவித்த கிழங்கைப் படைத்து, சூடம் காட்டினான். எல்லாரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். நான் கதவோரம் சுருட்டோடு நின்று வேடிக்கை பார்த்தேன். சூடச் சுடர் சன்னல் பக்கம் சாயாமல் நாற்காலி பக்கமாகச் சாய்ந்தது. யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி. காற்று என்றேன் எனக்குள்.

தங்கவேலு கண்ணை மூடி வேண்டிக்கொண்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேண்டுதல்தான். "தாயே, என் நாவுல வந்து உக்காரும்மா. என்னைய விட்டுப் போயிராதே."

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துப் படித்துத்தானே முடிக்க வேண்டும்? விடியற்காலையில், ஜப்பான்காரன் வருமுன், எல்லாரும் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தங்கவேலுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மேலே இருந்த புத்தகத்தை எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ராகம் போட்டு உயிரெழுத்தைச் சொல்ல ஆரம்பித்தான். அ என்றான். ஆ என்றான். இ என்றான். அதற்குப் பிறகு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அதே நேரம் வராந்தாவில் ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் ஊமையன் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு "ஈ... ஈ..." என்று கத்திக்கொண்டிருந்தார். "பேசறேன்! நான் பேசறேன்!" என்று சுவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நம் ஆட்களுக்குப் புல்லரித்துவிட்டது. சரஸ்வதி ஊமைக்கு வாய் கொடுத்துவிட்டாள் என்று ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து நாற்காலியைக் கும்பிட்டார்கள். அந்த ஆர்ப்பாட்டத்தில் என் தம்பி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு என்னைத் தேடியதை யாரும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜப்பான் ஆபீசர் வந்து வரிசையில் நிறுத்தினான். தினமும் நடக்கிற கூத்துதான். அவன் "பங்கோ!" என்று கத்தினால் ஆளுக்கு ஒரு நம்பராக ஜப்பான் பாஷையில் கத்த வேண்டும். "இச்சி!" "நி!" தங்கவேலு மூன்றாவது ஆள். சத்தம் வரவில்லை. ஆபீசர் மறுபடி கத்தினான். மறுபடி முதலாமவன், இரண்டாமவன், பிறகு வெறும் காற்று. பளார் என்று அறைந்தான். அறைந்தால்கூட ஆ என்ற சத்தம் வராததைப் பார்த்து அவனுக்கு இன்னும் வெறி ஏறியது, திமிர் என்று நினைத்துக்கொண்டான். நான் குனிந்து குனிந்து கும்பிட்டுத் தொண்டை நோய் என்றேன். கூட வந்த மொழிபெயர்ப்பாளன் திருப்பிச் சொன்னான்: "நாளைக்குக் காலைல சயாம் லோரி வருது. நம்பர் சொல்லாதவன் அதுல ஏறிருவான்." சொல்லிவிட்டுத் தம்பியின் கையிலிருந்த பட்டையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

மருந்துக் கடைக்காரரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, சதைக்கு ஒன்றுமில்லை என்றார். சுக்கு, மிளகு, தேன், எதுவும் பலிக்கவில்லை. தங்கவேலு என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. பட்டறையில் சுத்தியல் அடித்த கை அது.

திரும்பி வரும்போது மேட்டடியில் அந்த ஊமையன் எங்களை வழிமறித்தார். இனி ஊமையன் என்று சொல்லக்கூடாது. "எம்பேரு ராமலிங்கம், கிராணியாரே" என்றுதான் ஆரம்பித்தார். "இத்தன வருசத்துல ஒருத்தரும் பேரு கேக்கலயே. ராமலிங்கம். ராமலிங்கம்." தன் பெயரைத் தானே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சந்தோஷப்பட்டதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, அறைந்துவிடலாம் போலிருந்தது. தம்பியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இந்தத் தம்பிதானா? அது என்னைய விட்டுட்டு இவனப் புடிச்சிருச்சு."

"எது?"

"நாற்காலி. நாற்காலில இருக்கறது."

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். லைப்ரரி கட்டிய அந்தத் துரைக்கு வயதான காலத்தில் கண் போய்விட்டது. மத்தியானம் எல்லாரும் போன பிறகு அந்த நாற்காலியில் வந்து உட்காருவான், அவனுக்குப் படித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்த ராமலிங்கத்தைப் பிடித்தார்கள். உள்ளே வரக்கூடாது, வெயிலில் சன்னலுக்கு வெளியே நின்று படிக்க வேண்டும். உச்சரிப்புத் தவறினால் துரை கைத்தடியைச் சன்னல் வழியாக நீட்டி நெஞ்சில் குத்துவான். நிறுத்தினால் தடியால் தரையில் தட்டுவான், மேலே படி என்று அர்த்தம்.

"மொத நாளு பயத்துல பொஸ்தகத்தக் கண்ணுல ஒத்திக்கிட்டு, தாயே என் நாவுல இருன்னு வேண்டிக்கிட்டுத்தான் படிக்க ஆரம்பிச்சேன் கிராணியாரே. நான் வேண்டினது சரஸ்வதிய. ஆனா எதிர்ல உக்காந்திருந்தது அவன்ல? ஒரு நாளு தட்டு சத்தமே வரல. நல்லாப் படிக்கிறேன் போலன்னு படிச்சிக்கிட்டே இருந்தேன். ஆளு செத்துக் கெடக்குறான், எனக்குத் தெரியல. சாயங்காலம் வந்து பாத்துட்டுத் தூக்கிட்டுப் போனானுங்க. அதுக்கப்புறம் தட்டுச்சு. காலி நாற்காலி. தட்டுச்சு கிராணியாரே. அன்னைக்கிப் போன குரலு."

"வெள்ளைக்காரனுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா மத்தியானம் பூட்டினானுங்க?"

பிறகு ஏன் அங்கேயே கூட்டிக்கொண்டு கிடந்தாய் என்று கேட்டேன். "என் குரல உள்ள வெச்சிட்டு நான் எங்க போறது?" என்றார். என் தம்பிக்கு என்ன வழி என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொருத்தன் கூப்புட்டா அங்க போவும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது." சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கமாகப் போனார், போகும்போதும் மரத்தோடும் மாட்டோடும் பேசிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு அவரைக் கிள்ளானில் யாரும் பார்க்கவில்லை.

நான் நம்பவில்லை. சத்தியமாக நம்பவில்லை. கிழவனுக்குப் பைத்தியம் என்று திட்டிக்கொண்டே மேடேறினேன். தம்பியை வராந்தாவில் உட்கார வைத்தேன். உச்சி வெயில், மற்றவர்கள் பின்கட்டில் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள், பட்டப்பகல். சாத்திய கதவுக்குப் பின்னால் அந்த முணுமுணுப்பு. பக்கத்து பங்களா ரேடியோ என்று நான் சொல்லிவந்த சத்தம். கதவில் காதை வைத்தேன்.

என் தம்பியின் குரல். அட்சரம் பிசகாமல் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். தங்கவேலு வராந்தாவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் கேட்டது. அவன் முகத்தை நான் உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? தன் குரல் வேறு எங்கோ இருந்து வருவதைக் கேட்ட ஒருத்தன் முகம் அது. தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாத என் தம்பி, வெள்ளைக்காரன் பேசுகிற இங்கிலீஷில், ஏதோ தோட்டத்தில் ரோஜா பூத்த கதையை ஏற்ற இறக்கத்தோடு படிக்கிறான். நடுவில் ஒரு இடத்தில் தடுக்கியது. உடனே தட் தட் என்று தரையில் தடி தட்டுகிற சத்தம். குரல் அவசர அவசரமாக மேலே போனது.

எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்த பிறகும் நம்மவனை வெயிலில் நிறுத்தி வேலை வாங்குகிறானா இவன்? அலமாரி பிளக்க வைத்திருந்த கோடாலியை எடுத்தேன், கதவைத் திறந்தேன். அறையில் ஆள் இல்லை. நாற்காலியில் விரித்த வேட்டி நடுவில் குழிந்திருந்தது. புத்தகங்கள் கீழே சிதறிக் கிடந்தன, செம்பருத்தி கருகியிருந்தது. ஒரே ஒரு புத்தகம் கைப்பிடிமேல் விரிந்திருந்தது, நான் பார்க்கும்போதே ஒரு தாள் புரண்டது. கோடாலியை ஓங்கி நாற்காலி முதுகில் ஒரு போடு போட்டேன்.

"அண்ணே!"

நாற்காலிக்குள்ளிருந்து. தம்பியின் குரல், வலி தாங்காமல், தமிழில். வெளியே வராந்தாவில் அவன் சுருண்டு விழுகிற சத்தமும் கேட்டது. கோடாலியை உருவினேன். மரத்தில் விழுந்த வெட்டிலிருந்து சந்தன வாசனை வந்தது, அதன் பின்னாலேயே வயதான ஆளின் வியர்வை நாற்றமும் சுருட்டு நாற்றமும். தட் தட். குரல் விக்கிக்கொண்டே மறுபடி ரோஜாப் பூவைப் படிக்க ஆரம்பித்தது.

கோடாலியைக் கீழே போட்டேன். உடைத்தால் அந்தக் குரலும் உடையும். விட்டால் காலையில் லோரி. அங்கே நின்று என்ன யோசித்தேன் என்று இப்போது நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது, கணக்கெழுதுகிற நொண்டிக்குக் குரல் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று நினைத்தேன். அவன் இருபது வயதுக்காரன், என் தம்பி.

நான் எந்தக் கோயிலிலும் கும்பிட்டதில்லை. எங்கள் அம்மா சாகக் கிடந்தபோதுகூட ஒரு வார்த்தை வேண்டியதில்லை. அந்த மத்தியானம், என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் அறையில், என் நொண்டிக் காலை மடக்கி அந்த நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டேன். கூசிப் போனது உடம்பெல்லாம். "என் நாக்குல வந்து உக்காரு. எனக்கு இங்கிலீஷ் தெரியும், உனக்கு நல்லாப் படிப்பேன். அவனை விட்டுரு" என்றேன்.

தம்பியின் குரல் நின்றது. பிறகு ஏதோ ஒரு கனம் நாற்காலியிலிருந்து எழுந்த மாதிரி குழிந்த வேட்டி மெல்ல நிமிர்ந்தது. நாக்கில் கசப்பாக ஒன்று படிந்தது, பழைய தோல் அட்டையை நக்கின மாதிரி. வராந்தாவில் தங்கவேலு "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தான். வந்துட்டேண்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவ்வளவுதான். மறுநாள் காலையில் என் தம்பி தன் நம்பரை "சான்!" என்று கத்திய கத்தில் ஜப்பான்காரனே ஒரு அடி பின்னால் போனான். பட்டையைத் திருப்பிக் கட்டினார்கள், லோரி வேறு யார் யாரையோ ஏற்றிக்கொண்டு போனது. நாற்காலியை நாங்கள் தொடவில்லை. ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அவனும் மறுபடி போனான். தங்கவேலு கலியாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்து, இன்றைக்கும் காலையிலிருந்து ராத்திரி வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான். அவன் பேசுவதைக் கேட்டால் எனக்கு மனசு நிறையும். அவன் பிள்ளைகள் "பெரியப்பாவுக்கு ஜப்பான்காரன் அடிச்சதுல பேச்சு போச்சு" என்று ஊருக்குச் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

நான் இதுவரை எழுதியது எல்லாம் பேச முடியாததால் எழுதியது. மேட்டுக்கு எதிரிலேயே வீடு பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ராமலிங்கம் ஏன் ஊரை விட்டுப் போகவில்லை என்று எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. மத்தியானம் சன்னலைத் திறந்து வைத்தால் காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது கேட்கும். எனக்குத் தலை நரைத்துப் பல்லும் கொட்டிவிட்டது, அந்தக் குரலுக்கு மட்டும் வயது ஏறவே இல்லை. முப்பது வயதுக்காரன் குரலில் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். தடுக்கினால் தட்டுகிறான்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். புத்தக பங்களா கொஞ்ச காலம் அரசாங்கக் கிடங்காக இருந்தது. இப்போது நம் ஆட்கள் அதை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறார்கள். நல்ல காரியம்தான், தங்கமான பிள்ளைகள். எந்தக் கதவு நம்மை உள்ளே விடவில்லையோ அதில் நம் பிள்ளைகள் செருப்போடு ஓடுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாற்காலியை அவர்கள் துடைத்து, வெட்டு விழுந்த இடத்தை அடைத்து, பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார்கள். போன வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அந்த டீச்சர் பெண் புத்தகங்களை எல்லாம் அடுக்க நல்ல உயரமான இடமாகத் தேடியிருக்கிறது. மறுநாள் காலையில் பிள்ளைகள் ராகம் போட்டு உயிரெழுத்துச் சொல்லுகிற சத்தம் கேட்டுத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. காலை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன், நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன்.

சத்தம் வந்தது. என் சத்தம். என் தொண்டையிலிருந்து, அந்த வாலிபக் குரல், கணீர் என்று. ஈ என்று ஒரே எழுத்து.

ரோட்டு நடுவில் நின்று நான் அழுதேன். உள்ளே முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். குழந்தைக்கு விக்கிக்கொண்டது என்று நினைத்து டீச்சர் முதுகில் தட்டியது, குழந்தை வீல் என்று அழுதது, என் குரல் நின்றுபோனது. அந்தத் தடவை அது குழந்தையை விட்டு என்னிடமே திரும்பி வந்துவிட்டது. ஏன் வந்தது என்று தெரியாது. அந்த ஒரு நிமிஷம் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இந்த வருஷப் பூஜை வரப்போகிறது. நேற்று சாயங்காலம் அந்த டீச்சர் வீட்டுக்கு வந்தது. "அங்கிள், இந்த வருசமும் அந்தச் சேர்லயே வெச்சிறட்டுமா? அழகா இருந்துச்சு லா போன வருசம். நீங்களும் வாங்க" என்று சிரித்தபடி கேட்டது. மேசையில் தாளும் பேனாவும் இருந்தன. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதத்தான் செய்தேன், நம்புங்கள். ஆனால் பேனாவைக் கையில் எடுக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது.